கேளுங்கள், குத்தப்படும்!

கவலைக்காரத் தந்தை, கரூர்: கொரோனா ஊசியை மகனுக்குப் போடலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் யோசித்தேன். தவறா?

யோசித்தது தவறில்லை. ஆனால் 15 முதல் 18 வயதுக்காரர்களுக்கு இங்கே ஊசி தொடங்கியது 2022 ஜனவரி 3. ஒமைக்ரான் தலைவிரித்து ஆடியதும் அதே ஜனவரியில்தான். நீங்கள் யோசித்த நாட்களுக்கும் சேர்த்து வைரஸ் வாடகை வசூலித்திருக்கும்!

இல்லத்தரசி, திண்டுக்கல்: குழந்தைகளுக்குக் கொரோனா லேசாகத்தானே வந்து போனது? பிறகு எதற்கு ஊசி?

பெரும்பாலும் லேசுதான். சில பிள்ளைகளுக்கு மட்டும், நோய் போய்ச் சில வாரம் கழித்து உடம்பின் பல உறுப்புகளில் அழற்சி வந்து ஐ.சி.யு. வரை போனது. அதனால் வல்லுநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. பிரிட்டனின் தடுப்பூசிக் குழு 2021 செப்டம்பர் 3 அன்று, ‘12 - 15 வயதில் ஆரோக்கியமான எல்லாப் பிள்ளைகளுக்கும் போடு என்று சொல்லுமளவுக்கு லாபம் இல்லை’ என்றது. பத்தே நாளில் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரிகள், ‘பள்ளிப் படிப்பு கெடுகிறது, ஒரு டோஸ் போடுங்கள்’ என்றார்கள்.

ஆகவே கொரோனா ஊசிக்குத் தயங்கிய பெற்றோரை நான் திட்ட மாட்டேன். திட்டெல்லாம் அடுத்த கேள்விக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

இளம் தாய், ஓசூர்: ஊரடங்கில் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி தள்ளிப்போனது. பரவாயில்லையா?

பரவும்! தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அதற்குத்தான் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 - 24 மாதத்துக்குள் இன்னொன்று என்று அட்டவணை வைத்திருக்கிறார்கள். 2021-ல் மட்டும் உலகில் இரண்டரைக் கோடிக் குழந்தைகள் வழக்கமான ஊசிகளைத் தவறவிட்டார்கள். 2022 கடைசியில் மும்பை கோவண்டிப் பக்கம் தட்டம்மை வெடித்தது. கொரோனாவுக்குப் பயந்து வீட்டோடு இருந்தார்கள். தட்டம்மை வீடு தேடி வந்தது. விட்ட ஊசியை இப்போதும் போடலாம். நாளைக் காலை கிளம்புங்கள். ராகு காலம் பார்க்க வேண்டாம்.

குடும்ப குரூப் அட்மின், மதுரை: ‘தடுப்பூசி ஆபத்து’ என்று ஒரு டாக்டர் பேசிய ஆடியோ எங்கள் குரூப்பில் வந்திருக்கிறதே?

ஆடியோ வந்துவிட்டது, சரி. டாக்டர் எங்கே? 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை - ரூபெல்லா முகாம் நடந்தபோதும் இதே கச்சேரிதான். அரண்டுபோன பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மறுக்க, அரசு முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஊசிக்காவது இரண்டு டோஸோடு முடிகிறது. வதந்திக்குத் தினமும் பூஸ்டர்!

பட்டதாரி, நாகர்கோவில்: தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று லான்செட் இதழிலேயே வந்ததாமே?

வந்தது, 1998-ல். எழுதியவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு. ஆராய்ந்த குழந்தைகள் எத்தனை லட்சம் என்கிறீர்கள்? பன்னிரண்டு பேர்! 2010-ல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரையும் அடித்துவிட்டார்கள். கட்டுரைக்குக் கருமாதி ஆகி இவ்வளவு காலமாகியும், ஆவி மட்டும் ஃபார்வர்டில் அலைகிறது.

பேரனின் அப்பா, சமயபுரம்: ‘மாரியாத்தா பாத்துக்குவா, ஊசி எதுக்கு?’ என்கிறார் என் அம்மா.

அம்மாவின் கையைப் பார்த்தீர்களா? தோளுக்குக் கொஞ்சம் கீழே, காலணா அகலத்தில், ஓரம் சுருங்கி நடுவில் குழிந்த தழும்பு இருக்கும். அந்தக் காலத்தில் அம்மை குத்தியது. ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டே கையையும் நீட்டிய தலைமுறை அது. இரண்டுக்கும் சண்டையே வரவில்லை. பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று 1980 மே 8 அன்று அறிவித்தாகிவிட்டது. கூழ் இன்னும் கிடைக்கிறது!

சமூக ஆர்வலர், புதுச்சேரி: குழந்தைகளைச் சோதனை எலி ஆக்குவது நியாயமா?

ஒரு காலத்தில் ஆக்கினார்கள். 1796-ல் எட்வர்டு ஜென்னர் மாட்டம்மைச் சீழை ஏற்றியது தன் தோட்டக்காரரின் எட்டு வயது மகனுக்கு. பிறகு நிஜப் பெரியம்மைக் கிருமியையும் ஏற்றிப் பார்த்தார். பையன் பிழைத்தான், ஜென்னர் மேதையானார். இன்று செய்திருந்தால் கைதி எண்தான்.

1803-ல் ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குத் தடுப்பு மருந்து போனது எப்படித் தெரியுமா? ஃபிரிட்ஜ் இல்லை. 22 அனாதைச் சிறுவர்களைக் கப்பலேற்றி, ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்கு மாற்றி மாற்றிக் கொண்டுபோனார்கள். அந்தப் பையன்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று உங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். கேள்வி கேளுங்கள், தாராளமாக. பதிலையும் கொஞ்சம் கேளுங்கள்.

வழக்கறிஞர், சேலம்: கொரோனா ஊசியைக் ‘கட்டாயப்படுத்தக் கூடாது’ என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே?

சொன்னது, 2022 மே 2-ல். யாரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது. உடல் அவரவர் உரிமை. அதே தீர்ப்பில், குழந்தைகளுக்குப் போடும் அரசுக் கொள்கை உலக நடைமுறையோடு ஒத்ததுதான் என்றும், சோதனை முடிவுகளை மக்கள் பார்க்கும்படி வெளியிடு என்றும் இருக்கிறது. தீர்ப்பில் பாதியை மட்டும் படிப்பது கட்சிக்காரர் வேலை. வக்கீல் முழுதும் படிக்க வேண்டாமா?

பிளஸ் டூ மாணவி, விருதுநகர்: எங்கள் பள்ளியில் ஊசி போட்டதும் வரிசையாக மயங்கி விழுந்தோம். மருந்தில் கோளாறா?

வரிசையில் கோளாறு! முதல் பெண் ஊசியைப் பார்க்கிறாள். இரண்டாமவள் முதல் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறாள். ஐந்தாமவள் கைச்சட்டையை மடிக்கும்போதே வியர்த்துவிடுகிறாள். காலையில் இட்லியைத் தொட்டிருக்கவும் மாட்டாள். பயத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் மயக்கம்தான். சாப்பிட்டுவிட்டுப் போ, உட்கார்ந்து போட்டுக்கொள், மறுபக்கம் பார்.

போட்டபின் அரை மணி நேரம் உட்காரவைப்பது அரட்டைக்கு அல்ல, கண்ணு. அபூர்வமாக ஒவ்வாமை வந்தால் உடனே கவனிக்க.

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்: கொரோனா ஊசியால் பையன்களுக்கு இதயத்தில் அழற்சி வரும் என்று அமெரிக்க வீடியோக்களில் பார்த்தேனே?

வந்தது உண்மை, அரிதாக. எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசியில், முக்கியமாக இளவயது ஆண்களுக்கு, இரண்டாம் டோஸுக்குப் பிறகு. நம் பிள்ளைகளுக்குப் போட்டதோ செத்த வைரஸால் ஆன கோவாக்சின், புரதத்தால் ஆன கோர்பிவேக்ஸ். பயத்தை மட்டும் இறக்குமதி செய்தோம். ஊசியை இறக்குமதி செய்ய மறந்துவிட்டோம்!

அங்கன்வாடி வாசலில் நிற்பவர், அரியலூர்: போலியோ சொட்டு மருந்து வெயிலில் கெட்டுப்போயிருக்காதா?

குப்பி லேபிளில் ஊதா வட்டம், அதற்குள் வெளிர்நிறச் சதுரம் இருக்கும். சூடு படப்படச் சதுரம் கறுக்கும். வட்டமும் சதுரமும் ஒரே நிறமானால் குப்பைக்கு. தாலுகா ஆபீஸ் ஃபைல்களுக்கும் இப்படி ஒரு சதுரம் ஒட்டினால் தேவலை.

கணவரோடு சண்டை, கோபிசெட்டிபாளையம்: நான் போடு என்கிறேன், அவர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது செல்லும்?

கையை நீட்டப்போகிற ஆளைக் கேட்டீர்களா? இங்கிலாந்தில் 16 வயதுக்குக் கீழே இருந்தாலும், சிகிச்சையைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் பிள்ளையே சம்மதம் தரலாம். 1985-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. நம் ஊரில் கல்யாணத்துக்கே பிள்ளையைக் கேட்பதில்லை, ஊசிக்கா?

தூக்கம் வராதவர், தென்காசி: ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்னை நானே மன்னிக்க முடியாதே?

பெஞ்சமின் பிராங்க்ளினைக் கேளுங்கள். 1736-ல் அவருடைய நான்கு வயது மகன் பெரியம்மையில் இறந்தான். அப்போது இருந்தது பெரியம்மைச் சீழையே ஏற்றும் முறை, அதில் நிஜமான ஆபத்தும் இருந்தது. ஆனாலும் மகனுக்கு அதைச் செய்யாமல் விட்டதற்காகக் காலமெல்லாம் வருந்தியதைத் தன் சுயசரிதையில் எழுதி வைத்தார், மற்ற பெற்றோர் படிக்கட்டும் என்றே. போடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான் சார். அதற்குப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அவசரக்காரர், ஆவடி: அடுத்த பெருந்தொற்று வந்தால் பிள்ளைக்கு ஊசி போடலாமா, கூடாதா? ஒரே வரியில் சொல்லவும்.

என்ன நோய், என்ன வயது, என்ன ஊசி என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் பதில் சொல்பவர் டாக்டர். மூன்றையும் கேட்காமலே பதில் சொல்பவர் எதிர்வீட்டுக்காரர். ஃபீஸ் வாங்காதவரை நம்புவதுதானே நம் பரம்பரை வழக்கம்!