ஓடினால்தான் சக்கரம் வரும்

மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டுக்கென்று காசு கேட்டால் எங்கள் ஆட்கள் தரமாட்டார்கள். யாராவது கால் கொப்பளிக்க நூறு கிலோமீற்றர் ஓடினால் உடனே தருவார்கள். நியாயம்தானே! 2011இல் காசு சேர்க்கவென்று தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைக்கு நடந்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. நடைக்கே அவ்வளவென்றால் ஓட்டத்துக்கு?

அடுத்த ஓட்டத்தைப் பல்லேகமவுக்கே வையுங்கள். மாத்தளையில் புறப்பட்டு, றத்தோட்டை, றிவஸ்டன், இலுக்கும்புர என்று மழைக்குள் ஏறி இறங்கினால், வழியில் அட்டைகள் இரத்ததானமும் வாங்கிக்கொள்ளும். பல்லேகமவின் பழைய பட்டினம் களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் போனதில் ஊரே ஒருமுறை இடம்விட்டு ஓடிப் பழகியது.

தினேஷ் பிரியந்த ஹேரத் டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டி எறிந்து நாட்டுக்குத் தங்கம் கொண்டுவந்தார். எவ்வளவு தூரம்? வெறும் 67.79 மீற்றர்! நூறு கிலோமீற்றர்க்காரருக்கு ரீசேட், பதக்கம், வாழைப்பழம், செல்பி. கணக்குச் சரி.

பரிசளிப்புக்குச் சக்கர நாற்காலி வீரர்தான் பிரதம விருந்தினர். மேடைக்கு ஏழு படி; சாய்தளம் இல்லை. பதற வேண்டாம். பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் வேண்டுமென்ற வர்த்தமானி 2006இலேயே கொழும்பில் புறப்பட்டுவிட்டது. நெடுந்தூர ஓட்டத்தில் அதை வெல்ல ஆளில்லை. வழியில் கண்டால் ஒரு போத்தல் தண்ணீர் கொடுங்கள்.