பையனுக்கு என்ன ஐட்டம்?

நவம்பர் பிறந்துவிட்டால் கொச்சி மட்டாஞ்சேரியில் யாரும் பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று கேட்பதில்லை. "மோனு ஏதா ஐட்டம்?" என்பார்கள். ஒன்பதாவது படிக்கும் என் மகனுக்கு ஐட்டமே கிடையாது என்று சொன்னபோது, தடுப்பூசி போடாத குழந்தையின் தகப்பனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள் பக்கத்து வீட்டுச் சேச்சி.

ஐட்டம் என்றால் பள்ளிக் கலோத்சவத்தில், அதாவது கேரளப் பள்ளிப் பிள்ளைகளின் கலைவிழாவில், ஒரு போட்டி. அது இங்கே லேசுப்பட்ட சமாச்சாரமில்லை. 1957-ல் காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளத்தில்தான் தொடங்கியது. மறுவருஷமே ஃபோர்ட் கொச்சிப் பையன் ஒருவன் பாட்டில் முதல் பரிசு வாங்கினான், பெயர் யேசுதாஸ். மிருதங்கத்தில் முதல் பரிசு ஜெயச்சந்திரனுக்கு. இதைச் சொல்லிச் சொல்லியே பாட்டு வாத்தியார்கள் ஃபீஸ் வாங்குகிறார்கள். ஜெயச்சந்திரனும் பின்னாளில் பாடித்தான் பேர் வாங்கினார் என்பதை மிருதங்க வாத்தியார்கள் சொல்வதில்லை.

ஜெயிக்கிற மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை. பிள்ளைக்கு கிரேஸ் மார்க். தோற்ற பிள்ளையின் அப்பாவுக்கு அப்பீல். பணம் கட்டி, கோர்ட் வரைக்கும்கூடப் போகலாம். கூச்சம் போகும், நாலு பேரோடு பழக வரும் என்று இதன் நன்மைகளைப் பேசுகிறவர்கள், அப்பீல் கவுண்டரில் நிற்கும் அப்பாக்களைப் பார்க்க வேண்டும். கூச்சம் சுத்தமாகப் போயிருக்கும்.

"என்னங்க, தமிழ்ப் பத்யம்னு செய்யுள் சொல்ற ஐட்டம் ஒண்ணு இருக்காம். நம்மள விட்டா யாரு வருவா?" என்றாள் மனைவி. போனோம். வந்தவர்களில் முக்கால்வாசி மலையாளப் பிள்ளைகள். முதல் பரிசு வாங்கிய பெண் வாயில் ழகரம் அப்படி உருண்டது. எங்கள் வீட்டில் பழமும் பளம், மழையும் மளை. மகனுக்கு பி கிரேடு.

அப்பீல் ஃபாரம் எங்கே கிடைக்கும் என்று நான் விசாரித்துத் திரும்புவதற்குள் பையனைக் காணோம். மேடைக்குப் பின்னால், கோலடித்து ஆடும் கோல்களிப் பையன்களுக்கு நடுவே, கையில் இரண்டு கோலோடு நின்றான். அடுத்த வருஷத்துக்கு அவர்களுக்கு ஓர் ஆள் குறைகிறதாம்.

இப்போது சாயங்காலமானால் மொட்டைமாடியில் கோல் சத்தமும் மாப்பிளைப் பாட்டும். வீட்டில் விருந்தாளி வந்தால் கட்டிலுக்கடியில் போகிறவன், ஒரு கும்பலையே கூட்டி வருகிறான். "எண்ணிக்கிட்டே ஆடணும்பா. ஒண்ணு தப்பினா பக்கத்துல இருக்கிறவன் விரல் போயிடும்" என்கிறான். அவ்வப்போது தப்புகிறது என்பது விரல்களைப் பார்த்தாலே தெரிகிறது. அப்பீலுக்கு எடுத்துவைத்த பணம் டீத்தூளாகவும் அயோடெக்ஸாகவும் கரைந்துகொண்டிருக்கிறது.