செருப்புக்குத் தடை, பென் டிரைவுக்கு வரவேற்பு

நம் கல்லூரிக் கணினி ஆய்வகங்களின் வாசலில் செருப்புக் குவியல் கிடக்கும். கோயிலுக்கு அடுத்தபடியாக இவ்வளவு சுத்தம் பார்க்கிற இடம் வேறில்லை. தூசியை நிறுத்தியாயிற்று, சட்டைப்பையில் வரும் பென் டிரைவை மட்டும் யாரும் வெளியே விட்டுவரச் சொல்வதில்லை. 2008-இல் கிளம்பிய கான்ஃபிக்கர் வைரஸ் லட்சக்கணக்கான கணினிகளில் புகுந்தபோது, அது ஏறி வந்த வாகனங்களில் ஒன்று இந்தப் பென் டிரைவ்தான். செருப்பு, பாவம், அதற்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

“அதற்குத்தான் ஆன்டிவைரஸ் இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது, லைசென்ஸ் முடிந்துவிட்டதென்று திரை மூலையில் தினமும் முறையிட்டுக்கொண்டு. அதைப் புதுப்பித்தாலும், அடுத்தவர் வந்து உட்காரப்போகும் கணினியில் மெயிலை மூடாமல் பஸ் பிடிக்க ஓடும் மாணவரை எந்த மென்பொருள் கையைப் பிடித்து நிறுத்தும்? கணினிக்குள் பாஸ்வேர்டு நுழைந்ததே இந்தப் பங்காளித் தொல்லையால்தான்: 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்டபோது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்குக் கூடுதல் கணினி நேரம் வேண்டி, எல்லோருடைய பாஸ்வேர்டையும் தந்திரமாக அச்செடுத்துவிட்டார். அவராவது மெனக்கெட்டார். இங்கே அந்தச் சிரமமும் இல்லை. மானிட்டர் நெற்றியிலேயே பாஸ்வேர்டை எழுதி, அழியாமலிருக்க மேலே செலோ டேப்பும் ஒட்டியிருக்கும்.