பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, உங்களைப் போலப் பொறுமைசாலியை நான் கண்டதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் மொட்டைமாடித் தட்டோட்டில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பைக் காட்டினேன். "பாத்துக்கிடலாம் தம்பி" என்றீர்கள். சொன்ன சொல் தவறாமல் அன்றிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறீர்கள். இப்போது அதில் என் சுண்டுவிரல் நுழைகிறது.

கொடைக்குணத்திலும் உங்களுக்கு ஈடில்லை. பாரி முல்லைக்குத் தேரைத்தான் கொடுத்தான். காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றுக்கு நீங்கள் கைப்பிடிச்சுவரையே கொடுத்துவிட்டீர்கள். மேலே பார்த்தால் நாலே இலை. பிடித்து இழுத்தேன், சாந்தைப் பெயர்த்துக்கொண்டு முழ நீளத்துக்கு வேர் வந்து பாதியில் அறுந்தது. மிச்சம் செங்கலுக்குள் இருக்கிறது. அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்.

தண்ணீரின் அருமை தெரிந்தவரும் நீங்கள்தான். 10 அடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் இருந்தால்தான் நீர் ஓடும். மழை விட்டு 48 மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் தளத்தில் எங்கோ பள்ளம் விழுந்திருக்கிறது, இல்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது. உங்கள் மாடியில் இரண்டும் உண்டு. ஐப்பசியில் பெய்தது கார்த்திகையிலும் நிற்கிறது, பச்சைப்பாசி படிந்து. குழாய் வாயில் கிடக்கும் வேப்பஞ்சருகை ஒரு கை அள்ளிப் போட்டு அந்தத் தண்ணீரை விரட்ட உங்களுக்கு மனசு வரவில்லை.

வீட்டை அழகாக வைத்துக்கொள்வதிலும் இந்தத் தெருவில் உங்களை மிஞ்ச ஆளில்லை. சீலிங்கில் கம்பி போகிற வழியெல்லாம் பழுப்புக் கோடு விழுகிறது. பொங்கலுக்குப் பொங்கல் தவறாமல் வெள்ளையடித்துவிடுகிறீர்கள். வெள்ளைக்குப் பின்னால் நடப்பது வேறு. தளத்தில் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருந்தாலே அதிகம். மேலிருந்து கசிகிற ஈரம் கம்பியைத் தொட்டால் துருப்பிடிக்கும். துரு, தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் கிடைக்காமல் கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும்.

சிக்கனத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. அன்றைக்கு ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலியை மிச்சம் பிடித்தீர்கள். இப்போது தட்டோட்டையும் அடியிலுள்ள செங்கல் ஜல்லியையும் பெயர்த்து, வாட்டம் பார்த்துப் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் கம்பால் தட்டிக்கொண்டே போனேன். ஓரத்துத் தட்டோடெல்லாம் 'டங்' என்றது. நடுவில் இருபது ஓடு 'பொத் பொத்' என்றது. அடியில் பிடிப்பு விட்டுவிட்டது. அதற்கு நேர் கீழேதான் உங்கள் பேத்தியின் தொட்டில். இன்று காலை மதினி தொட்டில் சேலையை உதறியபோது, கட்டைவிரல் அளவு காரை விழுந்தது. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் துருக்கறை.

தொட்டிலை அவிழ்த்து எங்கள் திண்ணையில் கட்டியாயிற்று. நாளைக் காலை ஏழு மணிக்குக் கொத்தனாரோடு வருகிறேன். மாடிக்கதவுச் சாவியை மட்டும் எடுத்து வையுங்கள், அண்ணாச்சி.