80 ரூபாய் விஷுவலைசர்

டிகிரி முடித்த கையோடு 'கிரியேட்டிவ்வா ஏதாவது பண்ணணும்' என்று விளம்பர ஏஜென்சி வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு குலதெய்வம் உண்டு. ஆறடி நாலு அங்குல உயரம், பெயர் சத்யஜித் ரே.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அவர் வாங்கியது பொருளாதார டிகிரி. அந்தப் பாடம் அவரை எவ்வளவு ஈர்த்ததென்றால், 1940இல் படம் வரையக் கற்றுக்கொள்ள சாந்திநிகேதனுக்குப் போய்விட்டார். அந்தப் படிப்பைப் பாதியில் விட்டார். 1943இல் டி.ஜே. கீமர் என்ற வெள்ளைக்கார விளம்பரக் கம்பெனியில் ஜூனியர் விஷுவலைசர், மாதம் 80 ரூபாய். தாத்தாவும் அப்பாவும் எழுத்திலும் ஓவியத்திலும் வங்காளக் குழந்தைகளை மயக்கியவர்கள். பேரன் மலேரியா மாத்திரைக்கு லேஅவுட் போட்டார்.

ஆபீஸில் துரைகளுக்கு ஒரு சம்பளம், நம்மவர்களுக்கு ஒரு சம்பளம். க்ளையன்ட்களில் பெரும்பாலோர் மக்குகள் என்பது ரேயின் தீர்மானம். (எண்பது வருஷமாகியும் எந்த ஏஜென்சியிலும் இந்தத் தீர்மானம் ரத்தாகவில்லை.) ஆனாலும் அங்கே கிடைத்த சகவாசம் வீண்போகவில்லை. கீமரில் இருந்த டி.கே. குப்தா சிக்னெட் பிரஸ் என்று ஒரு பதிப்பகம் தொடங்க, அதற்கு அட்டை வரைந்தவர் ரே. சிறுவர்களுக்காகச் சுருக்கிய 'பதேர் பாஞ்சாலி'க்குப் படம் போடும்போதுதான் சினிமா ஆசை கதையோடு ஒட்டிக்கொண்டது.

1950இல் தொழிலை மெருகேற்றிக்கொண்டு வா என்று கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பியது. மெருகேறியது வேறு தொழில். சில மாதங்களில் 99 படம் பார்த்தார். அதில் ஒன்று 'பைசைக்கிள் தீவ்ஸ்'. ஊர் திரும்பியும் வேலையை விடவில்லை, புத்திசாலி. 1952இல் 'பதேர் பாஞ்சாலி'க்காக ஞாயிற்றுக்கிழமை டைரக்டர் ஆனார். ஒரு ஞாயிறு நாணல் பூக்காட்டில் பாதிக் காட்சி எடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு போனால், காட்டை மாடு மேய்ந்திருந்தது. மறுபடி பூக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்ஷூரன்ஸ் பாலிசி போயிற்று, மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. படத்தின் பெயரில் பாதை இருக்கிறதே, அதனால் சாலை மேம்பாட்டுக் கணக்கில்! ஏதோ கிராம முன்னேற்றப் படம் என்று நினைத்துக்கொண்டார்கள். க்ளையன்ட் பற்றிய ரேயின் தீர்மானத்துக்கு அரசாங்க முத்திரையே கிடைத்துவிட்டது.

முடிந்த படத்தைக் கல்கத்தாவில் முதலில் பார்த்தது விளம்பர கிளப், அதாவது சொந்தச் சாதிசனம். வரவேற்பு சுரத்தில்லை. மனிதர் நொந்துபோனார். ஆனாலும் கற்ற தொழில் கைவிடுமா? தானே போஸ்டர் வரைந்தார்; படத்தின் பிள்ளைகள் அப்புவும் துர்காவும் ஓடுகிற நியான் விளம்பரத்தை நகரின் நெரிசலான இடத்தில் ஏற்றினார். 1955 ஆகஸ்டில் பசுஸ்ரீ தியேட்டரில் ரிலீஸ். மெல்ல மெல்லக் கூட்டம் சேர்ந்து, ஹவுஸ்ஃபுல் ஆகிற நேரத்தில் படத்தைத் தூக்கினார்கள். அடுத்து வர வேண்டிய படம் நம்மூர் எஸ்.எஸ். வாசனின் 'இன்சானியத்'. திலீப் குமார், தேவ் ஆனந்த், கூடவே ஒரு சிம்பன்சி!

வாசன் கல்லூரியையே முடிக்காமல் விளம்பரம் பிடிக்கக் கிளம்பியவர். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய்க்கு 'ஆனந்த விகடன்' பெயரை வாங்கியவர் என்பார்கள். அவர் 'பதேர் பாஞ்சாலி'யைப் பார்த்துவிட்டு ரேயின் வீட்டுக்கே போனார். இப்பேர்ப்பட்ட படம் என்று தெரிந்திருந்தால் என் படத்தைத் தள்ளிப் போட்டிருப்பேனே என்று மனம்விட்டுச் சொன்னார். சொன்னாரே தவிர, தியேட்டர் 'இன்சானியத்'துக்குத்தான். ரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு கொட்டகைக்குப் போனார்.