உத்தரவாதத்துக்கு உட்பட்ட ஓய்வு

மின் ஸ்கூட்டரின் பின்சக்கரக் குடத்துக்குள் அடங்கிய மோட்டாரில், சுழலும் காந்தத்தின் நிலையைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு உடனுக்குடன் தெரிவிக்கும் ஹால் சென்சார் என்னும் சிறு உணரிகள் மூன்று உண்டு. அவற்றில் ஒன்று வாயடைத்துப்போனாலும் வண்டி உதறித் திணறி, கடலூர் மாவட்டச் சேத்தியாத்தோப்புக் கூட்டுரோட்டில் கரும்பு டிராக்டர்களுக்கு நடுவே நின்றுவிடக்கூடும். பழுது சிறிது, அதைத் தம் செலவிலேயே நீக்கித் தருவதாக உற்பத்தியாளர் எழுதித் தரும் உத்தரவாதமோ பெரிது. வெள்ளநீரில் மூழ்கியதால் நேர்ந்த கேட்டுக்கு அது பொருந்தாது என்னும் விதி பல படிவங்களில் இடம்பெறுவதால், வெள்ளாறும் வீராணம் ஏரியும் நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில் இவ்வூரார் வண்டியைப் பரணில் ஏற்றிவிடுவார்கள் என்று அவ்விதியை எழுதியவர் நம்பியிருக்க வேண்டும்.

2024 அக்டோபரில், போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் ஆலை நடத்தும் ஓலா எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு, 10,644 புகார்களைச் சுட்டி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியபோது, 99.1 விழுக்காடு தீர்ந்துவிட்டதாகப் பதில் வந்தது. எஞ்சியவை நூற்றுக்கும் குறைவு என்பதே கணக்கு, கணக்கில் கோளாறு இருப்பதாக எந்த உணரியும் தெரிவிக்கவில்லை. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் வழக்கறிஞரும் இன்றியே முறையிடலாம். மனுவை இணையவழியே அனுப்பலாம் என்பதால், வண்டியை ஆணையம் வரை தள்ளிச் செல்லும் வேலையாவது மிச்சம்.