காந்தத் தொப்பிக்கார பேராண்டிக்கு

வாப்பா பேராண்டி, உக்காரு. வாதத்துல விழுந்த உங்கப்பனுக்குக் காந்தத் தொப்பி வாங்கியிருக்கியாமே? மாட்டிக்கிட்டுத் தூங்குனா சிறுமூளை முழிச்சுக்கும்னு செல்போன்ல ஒருத்தன் சொன்னானாம். நல்ல பிள்ளை. உன் பெருமூளையை இதுவரைக்கும் நீ தொந்தரவு பண்ணுனதில்ல, அப்பன் சிறுமூளை மேலயாவது அக்கறை வந்துச்சே!

டாக்டருக்குப் படிச்ச என் பேத்தி சோறு போடுறப்பவே பாடமும் போட்டுருவா. சும்மா கிடக்குற காந்தம் நரம்பைத் தட்டாதாம். காந்தப்புலம் கண் சிமிட்டுறதுக்குள்ள ஏறி இறங்கணும், அப்பத்தான் உள்ளே மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831-லயே கண்டுபிடிச்ச சங்கதி. அதை வச்சுத்தான் 1985-ல இங்கிலாந்துல, ஷெஃபீல்டுல, ஆண்டனி பார்க்கர் தலைமேல கம்பிச்சுருளை வச்சு ஒரு தட்டு தட்டுனாரு. மண்டையைத் திறக்காமலே கை துள்ளுச்சு. உன் தொப்பியை மாட்டுனா எது துள்ளுச்சு? வித்தவன்தான் துள்ளியிருப்பான்.

சிறுமூளை இருக்கிறது பிடரிக்கு மேல. மூளையில பத்துல ஒரு பங்குதான் இடம், ஆனா மொத்த நரம்பு செல்லுல அஞ்சுல நாலு பங்கு அங்கதான் குடியிருக்கு. ராத்திரி கடையை விட்டு வாறப்ப நீ ரோட்டை ரெண்டு ஓரமும் அளந்துக்கிட்டு வாறியே, அப்ப கிறங்கிக் கிடக்குறது அதுதான். பெருமூளை கைகாலை விரட்டும், சிறுமூளை மூக்கணாங்கயிறாட்டம் இழுத்துப் பிடிக்கும். 1995-ல ஜப்பான்ல உகாவாங்கிற ஆராய்ச்சிக்காரரும் அவர் கூட்டத்தாரும் இதைக் காட்டிப்புட்டாங்க. பெருமூளையைத் தட்டுறதுக்கு ஒரு நொடியில ஆயிரத்துல அஞ்சாறு பங்கு முன்னால, பிடரியில ஒரு தட்டு. அவ்வளவுதான், கை துள்ளுறது குறைஞ்சு போச்சு.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதேன்னு உன்னை எத்தனை தடவை வஞ்சிருப்பேன்? ரோமாபுரியில போட்டே காட்டிட்டாங்க. 2019-ல வந்த ஆய்வு. பக்கவாதக்காரங்க 36 பேர். ஒரு கூட்டத்துக்குப் பிடரியில நிஜக் காந்தத் தட்டு, இன்னொண்ணுக்குச் சத்தம் மட்டும் போடுற டம்மித் தட்டு. (கட்சிக் கூட்டத்துக்குப் போய்ப் போய் அது உனக்குப் பழக்கம்தான்.) 3 வாரம் நடந்துச்சு. நிஜக் காந்தம் பட்டவங்களுக்கு நடையும் நிலையும் கூடுதலாத் தேறுச்சு. ஆனா உடற்பயிற்சி ரெண்டு கூட்டத்துக்கும் உண்டு. இந்த வரியை மட்டும் உனக்கு எவனும் செல்போன்ல சொல்லலையே?

பாஸ்டன்ல மனச்சிதைவுக்காரங்களுக்கும் பிடரி நடுவுல கொடுத்துப் பார்த்திருக்காங்க. கொஞ்சப் பேரை வச்சுப் பார்த்ததுதான், நம்பிக்கை தெரியுது. அமெரிக்காவுல 2008-ல மனச்சோர்வுக்கு அனுமதி கிடைச்ச காந்த வைத்தியமோ நெத்திப் பக்கத்துக்கு. பிடரி சமாசாரம் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்துலதான் கிடக்கு.

நிஜக் காந்தமும் விளையாட்டுச் சாமான் இல்லை. டக் டக்னு அடிக்கும், காதை அடைச்சுக்கணும். கழுத்துச் சதை வெட்டி இழுக்கும், தலை வலிக்கும், அபூர்வமா வலிப்பும் வரும். பேஸ்மேக்கர் வச்சவங்க, மண்டைக்குள்ள உலோகம் உள்ளவங்க டாக்டரைக் கேக்காம கிட்டவே போகப்படாது.

அதனால அந்தத் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துட்டுக் காசைக் கேளு. உங்கப்பனைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக உனக்கு நேரமில்லைன்னு உங்கம்மா அழுகிறா. நாளைக்குக் காலையில வண்டியை எடு, நானும் கூட வாறேன்.